முதலில் மூக்குக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. எங்கள் குடியிருப்பு நாடகக் குழுவில் முதல் முறையாகப் பெரிய வேடம் கிடைத்திருக்கிறது. மகன் வீட்டில் ஒண்டியிருக்கும் 76 வயது அப்பா வேடம். நாடகத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். வசனம் மனப்பாடம். உடையும் தயார். என் அப்பாவின் சட்டை, பழைய செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து ஒத்திகைப் பையில் வைத்துவிட்டேன். கண்ணாடியை எடுத்துப் பத்து நாள் ஆகிறது, அவர் கேட்கக்கூட இல்லை. தினமும் இரவு நிலைக்கண்ணாடி முன் கூன் போட்டு, கையை நடுங்கவிட்டு நடந்து பார்க்கிறேன். ஆனாலும் இயக்குநர், "சட்டைதான் நடந்து வருகிறது, ஆளைக் காணோம்" என்கிறார். கடைசிக் காட்சியில் அழுகையும் வரவில்லை. பாத்திரத்துக்குள் நுழைவது எப்படி? மனைவி வேறு, இந்த வயதில் நாடகம் எதற்கு என்று கேட்கிறாள்.

பதில்: தம்பி, முதல் நாடகம் என்றால் எல்லோருக்கும் இப்படித்தான், போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "பத்து நாள் ஆகிறது, அவர் கேட்கக்கூட இல்லை."

ஏன் கேட்கவில்லை? இந்தப் பத்து நாளும் அவர் மாத்திரை அட்டையில் இருக்கும் பெயரை எப்படிப் படித்தார்? போனில் கூப்பிடுவது யார் என்று எப்படிப் பார்த்தார்? கண்ணாடி காணாமல் போனது அவருக்குத் தெரியாமல் இருக்காது. காலையில் எழுந்ததும் கை தேடும் முதல் பொருள் அது. தலையணைக்கு அடியில் பார்த்திருப்பார், அலமாரியைத் துழாவியிருப்பார். அப்புறம், கேட்டால் மறதி வந்துவிட்டது என்பார்களோ, புதிதாக வாங்கிக் கொடுக்கும் செலவை இழுத்து வைத்தவர் ஆவோமோ என்று பேசாமல் இருந்திருப்பார். வயதானவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் பயம் இதுதான். நீங்கள் அதை வசதியாக எடுத்துக்கொண்டீர்கள். வயதானவர் பொருளைச் சொல்லாமல் எடுப்பதற்கு என் அகராதியில் திருட்டு என்றுதான் பெயர், பிள்ளையே எடுத்தாலும்.

உங்களுக்கு நாடகத்தில் கொடுத்திருக்கும் வேடம் என்ன? மகன் வீட்டில் எதையும் கேட்கத் தயங்கும் அப்பா. அப்படி ஒருவரை அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டு, நிலைக்கண்ணாடியில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அழுகை வரவில்லை என்கிறீர்கள். வர வேண்டிய இடமா அது என்று யோசியுங்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகள், உண்டு. அழுகைக்கு அங்கே சொல்லியிருக்கும் காரணங்கள் இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெட்டுத் தளர்வது), வறுமை. அந்தப் பட்டியலில் முதுமை இல்லை. மூப்பைத் தொல்காப்பியர் வைத்திருப்பது இளிவரல் என்னும் இன்னொரு மெய்ப்பாட்டில், பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றோடு சேர்த்து. இளிவரல் என்பது தான் தாழ்ந்து போனதாக உணரும் கூச்சம். அது கண்ணீராகத்தான் வெளிவர வேண்டும் என்றில்லை. தோளை ஒடுக்கிக்கொள்வதில், குரலைத் தாழ்த்திக்கொள்வதில், 'ஒன்றுமில்லை, விடு' என்று சொல்வதில் வெளிப்படும். உங்கள் கடைசிக் காட்சியில் கண்ணீரைத் தேடாதீர்கள். ஏதோ ஒன்றைக் கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டுவிடும் மனிதராக நில்லுங்கள்.

அடுத்து அந்தக் கூனும் நடுக்கமும். எல்லா முதியவர்களுக்கும் கை நடுங்குவதில்லை. நடுங்குகிறவர்களிலும் வித்தியாசம் உண்டு. பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். வேறு வகை நடுக்கத்தில் டம்ளரைத் தூக்கும்போதுதான் தெரியும். எப்படியிருந்தாலும் அந்த மனிதர் நடுக்கத்தை மறைக்கத்தான் பார்ப்பார். இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார், சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். நீங்களோ அதைக் காட்டப் பார்க்கிறீர்கள். முதியவர் நிமிர்ந்து நடக்கத்தான் முயல்கிறார், உடம்புதான் விடுவதில்லை. அந்த முயற்சியை நடியுங்கள், கூன் தானாக வரும்.

உங்கள் அப்பா நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் விளிம்புக்கு நகர்வார். பாதங்களை முழங்காலுக்குக் கீழே இழுத்து வைப்பார். கைப்பிடியை அழுத்தி எழுவார். எழுந்ததும் ரத்த அழுத்தம் சற்று இறங்கித் தலை கிறுகிறுக்கலாம் என்பதால் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் அடியெடுப்பார். திரும்புவதென்றால் நாம் திரும்புவது போல ஒரே சுழற்சி இல்லை, நாலைந்து சிறிய அடிகள். கூப்பிட்டால் கழுத்து தனியாகத் திரும்பாது, தோளும் சேர்ந்து வரும். இதெல்லாம் பொதுவாகச் சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்கென்று உள்ளதை அவர் பக்கத்தில் தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும். வேவு பார்க்க உட்காராதீர்கள். 'அப்பா, உங்கள் வயது மனிதராக நடிக்கிறேன், சொல்லிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது மருந்து வாங்கி வைப்பதோடு முடிவதில்லை, அவர்களிடம் கற்றுக்கொள்ள இன்னும் ஏதோ இருக்கிறது என்று காட்டுவதும் அதில் சேரும் என்று நம்புகிறவள் நான்.

உடை விஷயம். சட்டை உங்களுக்குக் கச்சிதமாக இருந்தால் அது தவறான சட்டை. வயதானால் உடம்பு மெலியும், பழைய சட்டை அப்படியே இருக்கும். கழுத்துப் பட்டை தளர்ந்து நிற்கும் அளவில் எடுங்கள். பழைய செருப்பை எடுத்தது நல்லது, ஏனென்றால் காலில் மாட்டுவதுதான் நடையை முடிவு செய்கிறது. ஆனால் நாளையிலிருந்தே எல்லா ஒத்திகையிலும் அதைப் போடுங்கள், கடைசி நாள் உடை ஒத்திகைக்கென்று பையில் வைத்திருக்காதீர்கள். குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று புரட்டியும் பாருங்கள், அவர் எப்படி ஊன்றி நடக்கிறார் என்பது அதிலேயே எழுதியிருக்கும். முகச் சுருக்கத்தைப் பென்சிலால் கோடு இழுக்காதீர்கள், முன்வரிசையிலிருந்து பார்த்தால் கோடாகவே தெரியும். முகத்தைச் சுருக்கி உங்கள் மடிப்புகள் எங்கே விழுகின்றன என்று பார்த்து, பள்ளத்தில் கருநிழலும் மேட்டில் வெளிர்நிறமும் கொடுங்கள்.

மூக்குக்கண்ணாடி? அவருடையது உங்களுக்கு உதவாது. அவர் பவர் உங்கள் கண்ணுக்கு ஒத்து வராது, மேடை விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல் இடறுவீர்கள், தலையும் வலிக்கும். வெறும் சட்டம் வாங்கி, வில்லை இல்லாமல் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சமும் அதில் பட்டுத் தெறிக்காது. வெள்ளெழுத்து நாற்பதை ஒட்டி யாருக்கும் வருவதுதான். உங்களுக்கு 43. இன்னும் கொஞ்ச நாளில் எழுத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிக்கும்போது, இந்தப் பத்து நாள் உங்களுக்குப் புரியும்.

மனைவி கேட்டது நாடகத்தைப் பற்றி மட்டும்தானா? நீங்கள் இரவெல்லாம் நிலைக்கண்ணாடி முன் நிற்கும்போது அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார் என்று கடிதத்தில் இல்லை. உங்கள் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். நாடகத்தை விடாதீர்கள். அந்த வேலையில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவே கண்ணாடியைத் துடைத்து அவர் கையில் கொடுங்கள். அறையில் நைசாக வைத்துவிட்டு வராதீர்கள். நான்தான் எடுத்தேன் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் தன் மறதிதான் என்றே நம்பிக்கொண்டிருப்பார். நாடகத்தன்று அவருக்கு முன்வரிசையில் ஓரத்து இருக்கையாகப் பார்த்து வையுங்கள். நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால், யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்காது.