கிளீன் கொடுத்தும் போகாத 'சேமீ'

கேள்வி: ஆண்ட்ராய்டு ஆப் எழுதப் பழகுகிறேன். முதல் பில்டு நாலு நிமிஷம் ஓடுகிறது. அடுத்தது பத்தே நொடியில் முடிந்து, டாஸ்க் பெயர்களுக்குப் பக்கத்தில் 'அப்-டு-டேட்', 'ஃப்ரம்-கேஷ்' என்று வருகிறது. வேலையே செய்யாமல் முடிந்தது என்றால் எப்படி நம்புவது? பயந்துபோய் ஒவ்வொரு முறையும் 'கிளீன்' கொடுத்துவிட்டே பில்டு செய்கிறேன். சரிதானா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: பயம் நியாயம்தான். மருந்துதான் தப்பு.

உங்கள் கோடை ஆப்பாக மாற்றும் வேலைதான் பில்டு; அதைச் செய்யும் கருவி கிரேடில்; அதன் ஒவ்வொரு படியும் ஒரு டாஸ்க். கிரேடில் ஒரு டாஸ்க்கைத் தொடங்குமுன் அதன் உள்ளீடுகளைப் பார்க்கிறது: சோர்ஸ் ஃபைல்கள், லைப்ரரிகள், செட்டிங்குகள், அந்த டாஸ்க்கின் கோடு. போன தடவைக்கு எதுவும் மாறவில்லை, விளைவும் பில்டு ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது என்றால் 'அப்-டு-டேட்'. ஃபோல்டரில் இல்லாவிட்டாலும், இதே உள்ளீடுகளுக்கு எப்போதோ செய்துவைத்த விளைவு சேமிப்பில் (அதுதான் கேஷ்) கிடைத்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டு 'ஃப்ரம்-கேஷ்'. உள்ளீடுகளைச் சுருக்கி வரும் 32 எழுத்து ஹாஷ்தான் அந்தச் சேமிப்புக்குச் சாவி.

அந்தச் சேமிப்பு உங்கள் ஹோம் டைரக்டரியில் '.கிரேடில்' ஃபோல்டருக்குள் கிடக்கிறது. 'கிளீன்' அழிப்பதோ ப்ராஜெக்டின் பில்டு ஃபோல்டரை மட்டும். ஆக, நீங்கள் சந்தேகப்படும் பொருளை 'கிளீன்' தொடுவதே இல்லை!

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. எங்கள் ஆப்பில் 'சேமி' பொத்தான் 'சேமீ' என்று வந்துகொண்டிருந்தது. சொற்பட்டியல் ஃபைலில் திருத்தினேன், பில்டு செய்தேன், 'சேமீ'. போனிலிருந்து ஆப்பை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன், 'சேமீ'. கிளீன் கொடுத்தேன். அப்போதும் 'சேமீ' பல்லிளித்தது. அரை நாள் போனபிறகுதான் தெரிந்தது: சொற்பட்டியலைப் படித்துக் கோடு உருவாக்கும் டாஸ்க்கை எழுதியவர், அந்த ஃபைலை உள்ளீடாக அறிவிக்கவே இல்லை. ஆனால் 'கேஷ் செய்யலாம்' என்று மட்டும் மறக்காமல் எழுதிவைத்திருந்தார். (எழுதியவர் நான்தான்.) கிரேடிலின் கணக்கில் எதுவுமே மாறவில்லை, ஹாஷ் அதேதான், பழைய விளைவு கச்சிதமாக வந்துவிட்டது. உள்ளீட்டில் ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

இந்த வகை எரிச்சலில் பிறந்ததுதான் இதற்கெல்லாம் மூத்த கருவியான 'மேக்'. 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன், ஏற்கெனவே திருத்திவிட்ட ப்ரோகிராமில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதைத் தொலைத்திருந்தார். திருத்திய ஃபைலை மறுபடி கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) மறந்ததுதான் காரணம். மேக் ஃபைலின் தேதியை மட்டும் பார்க்கும். கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவியில் வேறு பிராஞ்சுக்கு (கோடின் வேறொரு கிளைக்கு) மாறிவிட்டுத் திரும்பினால், உள்ளடக்கம் அதேதான் என்றாலும் தேதி புதிது என்று மறுபடி வேலை செய்யும். கிரேடில் உள்ளடக்கத்தைப் பார்ப்பதால் அந்த வீண்வேலை இல்லை.

ஆகவே 'கிளீன்' பழக்கத்தை விடுங்கள். நிஜமாகவே சந்தேகம் வந்தால் 'ரீரன்-டாஸ்க்ஸ்' என்ற ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள். கேஷை மதிக்காமல் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யும். அப்போது மட்டும் சரியாக வருகிறதென்றால், அறிவிக்காத உள்ளீடு எங்கோ ஒளிந்திருக்கிறது. சொந்தமாக எழுதிய டாஸ்க்குகளில் முதலில் தேடுங்கள்.

இதற்கு நேரெதிர் கோளாறும் உண்டு: எதையும் மாற்றாமலே எல்லாம் மறுபடி ஓடும். 'இன்ஃபோ' ஆப்ஷன் போட்டால் எந்த உள்ளீடு மாறியதால் ஓடியது என்று கிரேடிலே சொல்லும். பெரும்பாலும், பில்டு ஆன நேரத்தை ஆப்புக்குள் பதிக்கும் வரி ஒன்று இருக்கும். நொடிக்கு நொடி மாறும் உள்ளீடு அது. அதை வெளியே கொடுக்கும் ரிலீஸ் பில்டில் மட்டும் வையுங்கள்.