பழைய மடிக்கணினி மிக மெதுவாக இயங்குகிறது; திறந்து தயாராகவே ஐந்து நிமிடம் ஆகிறது. புதிது வாங்காமல் சரிசெய்ய முடியுமா?

திறந்து தயாராகவே ஐந்து நிமிடம் ஆகிறது என்கிறீர்கள். முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' என்ற பத்தியைப் பாருங்கள். எந்த வேலையும் செய்யாதபோதும் அது நெடுநேரம் 100 விழுக்காட்டிலேயே நின்றால், பெரும்பாலும் கோப்புகளைச் சேமித்துவைக்கும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். மடிக்கணினிகளில் பொதுவாக நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தகட்டின்மேல் ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தேடிப் படிக்க வேண்டியிருப்பதால், சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திரட்டுவதற்குள் அது திணறிவிடுகிறது. அதற்குப் பதிலாகப் பொருத்தக்கூடிய எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை; அதனால் இந்தத் திணறலும் இராது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் சாட்டா என்ற இணைப்பு வகையைச் சேர்ந்த 2.5 அங்குல எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் அப்படியே பொருந்தும். வாங்குமுன் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பின், மின்னிணைப்பையும் பேட்டரியையும் நீக்கிவிட்டே மூடியைத் திறக்க வேண்டும். கழற்றும் திருகுகளை, அவை இருந்த வரிசையிலேயே ஒரு தாளில் செலோடேப்பால் ஒட்டிவையுங்கள்; குட்டைத் திருகு இருந்த துளையில் நீளமானதை முடுக்கி மேற்பலகையையே துளைத்துவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

கழற்றிய டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். அது பழுதில்லாமல் இருந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி உறையில் பொருத்திப் புகைப்படங்களைச் சேமிக்கலாம். வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை மட்டும் நிறுவ வேண்டாம். அவற்றில் பல, கணினிக்குக் கூடுதல் சுமையே.