திகாலின் குளங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்திய அமெரிக்காவின் பழங்குடிகளான மாயர்களின் திகால் நகரம் வறட்சியால் கைவிடப்பட்டது என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆறே இல்லாத காட்டில் பல நூறு வருடம் தாக்குப்பிடித்த ஊர் அது. அவ்வளவு தண்ணீர் சேர்க்கத் தெரிந்தவர்களை வறட்சி மட்டுமா விரட்டியிருக்கும்?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் கேட்டது சரிதான். அந்த ஒரு வரி போதாது.

குவாத்தமாலாவின் பெத்தேன் காட்டுக்குள் இருக்கிறது திகால். தரைக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை உள்ளே இறங்கிவிடும். அப்புறம் வருடத்தில் நான்கைந்து மாதம் மழையே சரியாக இருக்காது. அதனால் பெய்யும்போதே பிடித்தாக வேண்டும். மொட்டைமாடிக்குக் கொத்தனார் வாட்டம் வைப்பதுபோல அவர்கள் ஊருக்கே வாட்டம் வைத்தார்கள். முற்றங்களுக்குச் சுண்ணாம்புக் காரை பூசி, விழும் தண்ணீரைக் குளங்களுக்கு ஓடவிட்டார்கள். அரண்மனைக் குளம் என்று ஆய்வாளர்கள் சொல்லும் குளத்தின் கரை சுமார் 80 மீட்டர் நீளம், 10 மீட்டர் உயரம். ஏறக்குறைய ஏழரைக் கோடி லிட்டர் பிடிக்கும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது கொரியெந்தால் குளம். அங்கே குவார்ட்ஸ் மணலும் ஜியோலைட்டும் இருந்ததை 2020இல் கண்டு சொன்னார்கள். தண்ணீரில் உள்ள அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கல் ஜியோலைட். உள்ளூரில் கிடைக்காது, சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும். மாட்டுவண்டி இல்லாத நாடு. முதுகில் சுமந்துதான் கொண்டுவந்திருப்பார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால், குடிதண்ணீரை வடிகட்டுவதற்காக! நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

இனி உங்கள் கேள்வி. அதே வருடம் இன்னொரு ஆய்வும் வந்தது. அரண்மனைக் குளம், கோயில் குளம் இரண்டின் வண்டலிலும் பாதரசம் மிகுந்திருந்தது. கட்டடங்களுக்குச் சிவப்பு பூச அவர்கள் எடுத்தது சாதிலிங்கம், அதாவது பாதரசக் கனிமம். மழை அதைக் கழுவி, நல்ல தண்ணீர் வந்த அதே வாட்டத்தில் குளத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அரண்மனை அடுப்படிக் கழிவும் சேர, நீலப்பச்சைப்பாசி மண்டியது. அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஊர் நடுவிலிருந்து தள்ளியிருந்த கொரியெந்தால், பெர்திதோ குளங்கள் இப்படிக் கெடவில்லை.

9ஆம் நூற்றாண்டில் வறட்சி வந்தது உண்மை. திகாலில் ஆண்டு பொறித்த கடைசிக் கல் 869ஆம் ஆண்டுடையது. ஆனால் அந்த வறட்சியில் அரண்மனை வாசலில் மிஞ்சியிருந்தது இந்தத் தண்ணீர்தான். கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன்.