குலுக்கு குலுக்குன்னு குலுக்குங்க! வீட்டு ஐஸ்கிரீம் பார்ட்டி: வாசகியர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, மே லீவுக்கு நாத்தனார் பிள்ளைங்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கன்னு 12 பேர் வர்றாங்க, 6 வயசுல இருந்து 13 வரைக்கும். ஐஸ்கிரீம் பார்ட்டி வைக்க ஆசை. ஆனா கப்புல போட்டு நீட்டுனா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு ஃபோனைத் தூக்கிடுவாங்க. அவங்களே செய்ற மாதிரி ஏதாவது இருக்கா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: இருக்கும்மா, மெஷினே வேணாம், கல்லுப்பும் ஐஸும் போதும். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேத்து விட்டுடுங்க, பெரிய பிள்ளையோட ஒரு சின்னப் பிள்ளை. ஒரு ஜோடிக்கு காய்ச்சி ஆறவச்சு ஃபிரிட்ஜ்ல வச்ச பால் அரை டம்ளர், ஃபிரெஷ் கிரீம் ரெண்டு மூணு ஸ்பூன், சர்க்கரை ஒரு பெரிய ஸ்பூன், ரெண்டு சொட்டு வெனிலா, இதை சின்ன ஜிப் லாக் கவர்ல ஊத்தி காத்தை வெளியேத்தி மூடி, அதுக்கு மேல இன்னொரு கவரும் போட்டுடுங்க. பெரிய கவர்ல அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே ஐஸ், அரை கப் கல்லுப்பு. சின்னதை உள்ள வச்சு, பெரிய கவரை மூடி, துண்டுல சுத்திக் கையில குடுத்துட்டு பாட்டைப் போட்டு விடுங்க, ஆடிக்கிட்டே குலுக்கட்டும்.

முதல்ல உள்ள சளக் சளக்னு சத்தம் கேக்கும். எட்டு பத்து நிமிஷத்துல அந்தச் சத்தம் அடங்கிப்போய் கவர் கையில மாவு உருண்டை மாதிரி கெட்டியாகும் பாருங்க, அப்போ பிள்ளைங்க போடுற கூச்சல் இருக்கே, எங்க வீட்டுல போன வருஷம் ஆறு வயசுக் குட்டி ஒருத்தி தெரு முழுக்க ஓடி எல்லாருக்கும் தொட்டுக் காட்டிட்டு வந்தா!

உப்பு எதுக்குன்னு கண்டிப்பா கேப்பாங்க, சொல்லுங்க. வெறும் ஐஸ் 0 டிகிரிலதான் உருகும், சர்க்கரை போட்ட பால் உறையணும்னா அதுக்கும் கீழ போகணும். உப்பு சேந்தா ஐஸ் இன்னும் குளிர்ச்சியான நிலைமையிலயே உருக ஆரம்பிச்சிடும், அப்படி உருகுறதுக்கு வேண்டிய சூட்டைப் பால்ல இருந்தே இழுத்துக்கும், அதான் பால் உறையுது. அளவு சரியா அமைஞ்சா மைனஸ் 21 வரைக்கும்கூட போகும், அதனாலதான் துண்டு சுத்தச் சொல்றேன், வெறும் கையில பிடிச்சா தோல் பொத்துப்போகும். குலுக்கிக்கிட்டே இருந்தாத்தான் ஐஸ் துகள் சின்னதாவே நிக்கும், சும்மா விட்டா குச்சி ஐஸ் மாதிரி கட்டியாகிடும். முக்கியமா ஒண்ணு: திறக்குறதுக்கு முன்னாடி சின்ன கவரைப் பச்சைத் தண்ணில அலசிடுங்க, இல்லன்னா உப்பு உள்ள போய் அத்தனை உழைப்பும் வீணாகிடும். 6 ஜோடிக்கு நாலு கிலோ ஐஸ், ஒரு கிலோ கல்லுப்பு பாக்கெட் ஒண்ணு, அவ்வளவுதான் செலவு.

கேள்வி: மேல தூவ ஜெம்ஸ், சாக்லேட் சிரப் தவிர என்ன வைக்கலாம்? (ஒரு வாசகி, விருதுநகர்)

பதில்: கடலை மிட்டாய் ஊர்ப்பக்கம் இருந்துக்கிட்டு ஜெம்ஸைத் தேடுறீங்களே! மிட்டாயை ஒண்ணும் பாதியுமா இடிச்சு வைங்க, வெனிலா மேல போட்டா அப்படி இருக்கும். பொடியா நறுக்கின பலாச்சுளை, மாம்பழம், நுங்கு, ஊறவச்ச சப்ஜா விதை எல்லாம் கிண்ணம் கிண்ணமா வச்சிடுங்க. என்னோட ஆசை என்னன்னா ஓரமா ஒரு ஜிகர்தண்டா மேஜை. பாதாம் பிசினை முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுங்க, ஒரு ஸ்பூன் போட்டா கிண்ணம் நிறைய உப்பிடும், நடுவுல கல்லு மாதிரி இருந்தா பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க. சுண்டக் காய்ச்சின பால், நன்னாரி சர்பத், மேல ஒரு உருண்டை ஐஸ்கிரீம், அவங்கவங்க டம்ளரை அவங்கவங்களே அடுக்கட்டும். கடலை, முந்திரி யாருக்காவது ஒத்துக்காதான்னு அம்மாமார்கிட்ட முன்னாடியே ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடுங்க, அந்தக் கிண்ணத்துக்குத் தனி ஸ்பூன் போடுங்க.

கேள்வி: கடையில ஃபேமிலி பேக் வாங்கினா ஒண்ணு விலை கம்மியா இருக்கு, ஒண்ணு கூட. என்ன வித்தியாசம்? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: டப்பாவைத் திருப்பிப் பாருங்க. ஐஸ்கிரீம்னு போட்டிருந்தா பால் கொழுப்புல செஞ்சது, சாதா ஐஸ்கிரீம்ல குறைஞ்சது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்கணும்னு நம்ம நாட்டு விதி. ஃப்ரோசன் டெசர்ட்னு போட்டிருந்தா பெரும்பாலும் தாவர எண்ணெய்க் கொழுப்பு. கெட்டதுன்னு சொல்லல, ஆனா எதுக்குக் காசு குடுக்கிறோம்னு தெரிஞ்சு குடுக்கணும். அப்புறம் லிட்டர் அளவை மட்டும் நம்பாதீங்க, பாதி வரைக்கும் காத்துதான் இருக்கும், கிராம் கணக்கைப் பாத்து வாங்குங்க.

கேள்வி: ஐஸ்கிரீம் சாப்பிட்டா சளி பிடிக்கும்னு மாமியார் தடுக்கிறாங்க. (ஒரு வாசகி, தென்காசி)

பதில்: சளி வைரஸ்னால வருது, ஐஸ்கிரீம்னால இல்ல. ஆனா ஒரே ஸ்பூனை நாலு பேர் நக்கினா ஒருத்தர் சளி நாலு பேருக்கும் போகும், அத்தை பயப்படுறதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு. ஆளுக்கு ஒரு ஸ்பூன் குடுத்துட்டு, முதல் கப்பை அத்தைகிட்டயே நீட்டுங்க.

கேள்வி: கல்யாண வீட்டுல பாத்த மாதிரி புகை விடுற ஐஸ்கிரீம் வேணும்னு பையன் அடம் பிடிக்கிறான். (ஒரு வாசகி, ஓசூர்)

பதில்: வேணாம்மா, தயவு செஞ்சு வேணாம். அந்தப் புகைக்குப் பெரும்பாலும் திரவ நைட்ரஜன்தான் ஊத்துறாங்க, அது மைனஸ் 196 டிகிரி, முழுசா ஆவியாகுறதுக்குள்ள வாயில போட்டா நாக்கு, தொண்டை, வயிறு எல்லாம் புண்ணாகிடும். புகை பிஸ்கட் சாப்பிட்ட பிள்ளை துடிச்ச வீடியோ 2024 ஏப்ரல்ல பரவுனப்போ நம்ம உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விட்டுச்சு. ட்ரை ஐஸும் (கரியமில வாயுவை உறைய வச்ச கட்டி) அப்படித்தான், முழுங்கினா ஆபத்து. பையனைக் கூப்பிட்டு உப்பும் ஐஸும் போட்ட கவரைத் துண்டு மேல வச்சுக் குடுங்க. வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையா பனி படியும், அதுல அவன் பேரை ஸ்பூன் காம்பால எழுதச் சொல்லுங்க.