புயல் நிவாரணப் பணத்தை வைத்து ஒரு சிற்றூர் மீண்டு எழ முடியுமா?

விழுந்து கிடப்பதை அப்புறப்படுத்தலாம். மீண்டு எழ அது போதாது. எங்கள் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன்.

எங்களுக்குத் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் வந்து சேரும் என்ற நம்பிக்கை குறையக் குறைய, நெல் வயல்கள் தென்னந்தோப்புகளாயின. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தோப்புக்குள் கால் வைக்க இடமில்லை. இரண்டு ஏக்கரில் நின்ற 140 மரங்களில் 118 சாய்ந்து கிடந்தன. பாதிக்கு மேல் தாத்தா கையால் வைத்தவை. அப்பா அன்று முழுவதும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. எங்களுக்கு 1,29,800 ரூபாய் வந்தது. அந்தப் பணம் இல்லாமல் தோப்பைத் துப்புரவு செய்திருக்கவே முடியாது, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் மரத்துக்கு ஆண்டுக்கு நூறு காய், காய்க்குப் பத்து ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும், விழுந்த மரங்களின் ஓராண்டு வருமானம் 1,18,000 ரூபாய். நெட்டை ரகத் தென்னம்பிள்ளை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். வெட்டி அகற்றிய செலவைக் கழிக்காமல் பார்த்தாலும், நிவாரணம் ஓராண்டைத்தான் தாங்கும். மீதி ஆண்டுகளுக்கு?

இது பட்டா வைத்திருந்த எங்கள் கதை. பெரியப்பாவின் நிலம் தாத்தா பெயரிலேயே இருந்ததால், அலுவலகம் அலுவலகமாக எட்டு மாதம் அலைந்தார். காய் பறித்தவர்கள், மட்டை உரித்தவர்கள், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோருக்குப் போன வேலைக்கு எந்தப் படிவமும் இல்லை. எங்கள் தோப்பில் காய் பறித்த அண்ணன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனார். இன்னும் திரும்பவில்லை.

அரசு மட்டத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாநில அரசு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது; தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதலானது 1,146 கோடி. அந்த நிதி உடனடி உதவிக்கானது, இழப்பை ஈடுகட்டுவதற்கானது அல்ல என்பதே விதி. மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவில் பதினைந்தாவது வந்த பிறகுதான், 2021 முதல், பேரிடர் நிதியில் மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் 30 சதவீதம், முன்கூட்டியே ஆபத்தைக் குறைக்க 20 சதவீதம் என்று தனித்தனியே பிரித்தார்கள். சரியான முடிவு. ஆனால் நம் பேரூராட்சிக்கு அதில் என்ன வந்தது என்று கேட்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு இன்றும் ஆறாதது தென்னைக் காப்பீடுதான். அப்போது பதினாறு முதல் அறுபது வயது வரையிலான மரத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 14 ரூபாய். அதில் முக்கால் பங்கு மானியம். விவசாயி கட்ட வேண்டியிருந்தது 3 ரூபாய் 50 காசு. காப்பீட்டுத் தொகை 1,750 ரூபாய். எங்கள் தோப்பு முழுவதற்கும் 490 ரூபாய் போதுமாக இருந்திருக்கும். அப்படி ஒரு திட்டம் இருந்ததே புயலுக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

உங்கள் ஊர் கடலோரம் என்றால், ஐப்பசி மழைக்கு முன்பே பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், பயிரும் மரக் கணக்கும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். காப்பீட்டைப் பற்றி வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். பெரியப்பா இப்போதுதான் பட்டாவை மாற்றி முடித்திருக்கிறார்.