விசாவுக்கு முன்பே ஆஸ்பத்திரிப் பணம்: ஏஜென்டிடம் ரொக்கமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் கணவர் மண்டோர் (வேலையாட்களைக் கண்காணிப்பவர்). மகளுக்கு இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பு கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டணம் 1,164 பவுண்டாம். ரொக்கமாகக் கொடுத்தால் தானே கட்டிவிடுவதாக ஏஜென்ட் சொல்கிறார். அவளுக்குத்தான் மெடிக்கல் கார்டு (மருத்துவ இன்சூரன்ஸ் அட்டை) இருக்கிறதே, இது எதற்கு? நகையை அடகு வைக்கலாமா?

பதில்: அம்மா, தொகை சரிதான். இது இன்சூரன்ஸ் இல்லை, தன் மருத்துவச் சேவைக்காக விசா விண்ணப்பத்தோடு பிரிட்டிஷ் அரசு வாங்கும் கட்டணம். எந்த மெடிக்கல் கார்டு இருந்தாலும் கட்டியே ஆகவேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு ஏன் ஒன்றரை ஆண்டுக் காசு? படிப்புக்கு முன் ஒரு மாதம், முடிந்தபின் நான்கு மாதம் சேர்த்துத்தான் விசா தருகிறார்கள். கூடுதல் மாதங்கள் ஆறுக்குள் இருப்பதால் பாதிக் கட்டணம், 388 பவுண்டு.

ஆனால் ரொக்கத்தை மட்டும் ஏஜென்டிடம் கொடுக்காதீர்கள். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் முழுதும் திரும்ப வரும், எந்தக் கார்டில் கட்டினோமோ அதே கார்டுக்கு. ஏஜென்ட் தன் கார்டில் கட்டியிருந்தால் அவர் கணக்குக்குத்தான் போகும். அப்புறம் நீங்கள் அவர் பின்னால் அலைய வேண்டும். மகளே பிரிட்டிஷ் அரசின் இணையத்தளத்தில் விண்ணப்பித்து, உங்கள் குடும்பக் கார்டில் கட்டட்டும். தவணை கிடையாது. பவுண்டு 5.60 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் 6,500 வெள்ளியைத் தாண்டும், அதனால் முதல் நாளே பேங்கில் சொல்லி கார்டின் தினசரி வரம்பை உயர்த்தி, வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். விசா கிடைத்தபின் போகாமல் விட்டால் ஒரு காசும் திரும்பாது. படிப்புக் கட்டணத்துக்கு வழி உறுதியான பிறகே கட்டுங்கள்.

நகையைக் கடைசிக்கு வையுங்கள். அடகுக்கடையில் மாதம் 2 விழுக்காடு வரை வட்டி. 6,500 வெள்ளிக்கு மாதம் 130 வெள்ளி, சும்மா போகிற காசு. கணவரின் இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) மூன்றாவது கணக்கை முதலில் பாருங்கள், அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓய்வுக்காலப் பணத்தைத் தொடச் சொல்ல எனக்கும் மனசில்லைதான். ஆனாலும் வட்டி கட்டுவதைவிட இது மேல்.

அங்கே போனதும் மகள் பக்கத்து கிளினிக்கில் பதிந்துகொள்ளட்டும். டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டாம். பல், கண்ணாடி, மருந்துச்சீட்டுக்கு இங்கிலாந்தில் தனியாகச் செலவாகும். மெடிக்கல் கார்டை நிறுத்திவிடாதீர்கள், திரும்பி வந்ததும் அவளுக்கு அது வேண்டும்.