சிறு பாலூட்டிகள் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர உயிரியல் படித்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நானும் உயிரியல் படித்தவன் இல்லை. நகரத்து இயற்கைக் காப்பகத்தில் எலி, சுண்டெலி, மூஞ்சூறு இவற்றைக் கணக்கெடுக்கும் குழுவுக்கு முதலில் தேவை, விடிவதற்குள் எழுந்து சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் ஆள். மற்றதை அங்கேயே சொல்லித் தருவார்கள்.

வேலை இதுதான். உயிரோடு பிடிக்கும் சின்ன அலுமினியப் பெட்டிகளை மாலையில் வரிசையாக, குறித்த இடைவெளியில், புதர் ஓரமாக வைப்போம். ஷெர்மன் பொறி என்பார்கள், மடக்கி எடுத்துப் போகலாம். உள்ளே ஓட்ஸ், பீனட் பட்டர், குளிர் தாங்கக் கொஞ்சம் வைக்கோல். எறும்புப் புற்றுப் பக்கம் வைக்கவே கூடாது, மாட்டிய பிராணியைக் கடித்தே கொன்றுவிடும்.

காலையில் கதவு மூடியிருந்தால் பெட்டியின் வாயில் ஒரு பாலிதீன் பையை மாட்டிச் சாய்க்க வேண்டும். வைக்கோலோடு சேர்ந்து சறுக்கி விழுந்து, பையின் மூலையில் மீசை துடிக்க ஒடுங்கும். பையோடு ஸ்பிரிங் தராசில் எடை பார்த்து, பிறகு பையின் எடையைக் கழிப்போம். பிடரித் தோலைப் பிடித்து ஆணா பெண்ணா என்று பார்த்து, பின்புறத்தில் கொஞ்சம் முடியைக் கத்தரிப்போம். அடிமுடி கருப்பாகத் தெரியும், அதுதான் அடையாளம். பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம். பிடரியைப் பிடிக்கும் வேலையை முதல் நாளே புதியவர்களிடம் தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். நோட்டில் எழுதுவதிலிருந்து தொடங்குங்கள்.

அந்த அடையாளம் எதற்கு என்றால், முதல் சுற்றில் 20 எலிகளுக்கு அடையாளம் வைத்து விடுகிறோம். அடுத்த சுற்றில் 25 மாட்டுகின்றன, அவற்றில் 10 ஏற்கெனவே அடையாளம் உள்ளவை. 20-ஐ 25-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் 50. அந்த இடத்தில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கின்றன. லிங்கன்-பீட்டர்சன் முறை என்று பெயர். ஆனால் சில எலிகள் ஓசிச் சாப்பாட்டு ருசி கண்டு தினமும் வந்து மாட்டும், சில ஒருமுறை மாட்டியபின் பெட்டிப் பக்கமே வராது. இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். காலிப் பெட்டியையும் 'காலி' என்று எழுதியே ஆக வேண்டும். எத்தனை பொறி, எத்தனை இரவு என்று தெரியாவிட்டால் போன வருடத்தோடு ஒப்பிடவே முடியாது. பெரும்பாலான பெட்டிகள் காலியாகத்தான் இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மூஞ்சூறு விஷயம் தனி. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி. உடம்பு அவ்வளவு வேகமாக எரிசக்தியைச் செலவழிப்பதால் சில மணி நேரம் தீனி இல்லாவிட்டாலே செத்துப்போகும். அதனால் அது நடமாடும் இடங்களில் பொறிக்குள் புழுவோ பூச்சியோ வைத்து, அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். (தொட்டால் கையில் ஏறும் நாற்றம் சோப்புக்கும் சுலபமாகப் போகாது.)

கையுறை கட்டாயம். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு எழுதும் வேலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சேரும் முன் குழுவை நடத்துபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: பிடிக்க அனுமதி வாங்கியாயிற்றா, வைத்த பெட்டிகளைத் திரும்ப எண்ணி எடுக்கிறார்களா, எத்தனை மணிக்கொருமுறை பார்க்கிறார்கள். வெயில் காலத்தில் "நேரம் கிடைக்கும்போது பார்ப்போம்" என்று பதில் வந்தால் அந்தக் குழு வேண்டாம், வேறு குழு பாருங்கள்.